எண்ணாத வீடுகள்

பரிஸ் நகரத்துக்கு வடக்கே ஒரு சின்ன ஊர் இருக்கிறது. அதன் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. எழுதினால் அங்கே இருக்கும் ஒருத்தியை எல்லோரும் அடையாளம் கண்டுவிடுவார்கள். பிரெஞ்சில் இப்படிப்பட்ட ஊர்களைக் கம்யூன் என்பார்கள். எவ்வளவு சிறியதானாலும் தனக்கென்று ஒரு மேயர், ஒரு சபை, ஓர் எல்லைக்கோடு இருக்கும். நான் சொல்லும் கம்யூனை வடக்கிலிருந்து தெற்காக நாற்பது நிமிடத்தில் நடந்து கடந்துவிடலாம். தெற்கே கால்வாய், மேற்கே ரயில் பாதை. நடுவில் ஊரை இரண்டாக வெட்டிக்கொண்டு ஒரு நெடுஞ்சாலை பள்ளத்தில் ஓடுகிறது. ஒரு காலத்தில் பரிஸ் சந்தைக்கு மரக்கறி அனுப்பிய தட்டையான தோட்ட நிலம் அது. பிறகு தொழிற்சாலைகள் வந்தன. தொழிலாளருக்கென்று உயரமான மாடிக் கட்டடங்கள் எழும்பின. தொழிற்சாலைகள் மூடிய பிறகும் கட்டடங்கள் நின்றன. போர்த்துக்கல், அல்ஜீரியா, மாலி, சீனா என்று வந்தவர்களோடு எங்கள் தமிழ் ஆட்களும் வந்து குடியேறினார்கள். கிழக்கு எல்லையில் ஒரு வீதி உண்டு. அதன் ஒரு கரை இந்தக் கம்யூன், எதிர்க்கரை அடுத்த கம்யூன். குப்பை எடுக்கும் நாள்கூட இரு கரைக்கும் வேறு வேறு.

இவ்வளவும் எனக்கு மனப்பாடம். ஆனால் நான் அங்கே ஒரு நாளும் போனதில்லை.

நான் இருப்பது சிட்னியில், டூங்கபிக்குப் பக்கத்தில் கிரவீனில். ஒரு கவுன்சிலில் மழைநீர் வடிகால்களின் வரைபடங்களைப் பார்த்துக்கொள்வது என் வேலை. எந்த வீதியின் கீழ் எந்தக் குழாய் போகிறது, எங்கே அடைக்கும், எங்கே வெள்ளம் நிற்கும் என்பதைக் கணினியில் சரியாக வைத்திருக்க வேண்டும். யாழ்ப்பாணத்தில் புவியியல் படித்தவளுக்கு இது கிடைத்தது அதிர்ஷ்டம்தான். என்னோடு அதே வகுப்பில், அதே வாங்கில் இருந்து படித்தவள் பிரான்சுக்குப் போனாள். எங்கள் இருவரில் அவள்தான் கெட்டிக்காரி. விரிவுரையாளர் ஆற்று வடிநிலம் பற்றிப் பாதி சொல்லும்போதே மீதியை அவள் கரும்பலகையில் வரைந்துவிடுவாள். பரிஸில் அவளுக்குக் கிடைத்தது அலுவலகங்களைத் துப்புரவு செய்யும் வேலை. வெள்ளனவே எழும்பி, ரயில் ஏறி, கண்ணாடிக் கட்டடங்களில் மேசை துடைத்துவிட்டு, மற்றவர்கள் வேலைக்கு வரும் நேரத்தில் திரும்பி வருவாள். பட்டத்தைப் பற்றி அவள் பேசுவதில்லை. நானும் கேட்பதில்லை.

எட்டு வருடங்களுக்கு முன் ஒரு ஞாயிறு மாலை அவள் தொலைபேசி எடுத்தாள். அவளுக்கு அது ஞாயிறு காலை. தங்கள் கம்யூனின் குடிசன மதிப்பீட்டை நூலகத்தில் பார்த்தாளாம். எத்தனை பேர், எந்த வயது, எந்த நாட்டில் பிறந்தவர் என்றெல்லாம் இருக்கிறதாம். ஆனால் வீட்டில் என்ன மொழி பேசுகிறீர்கள் என்று பிரான்சில் யாரும் கேட்பதில்லையாம். குடியுரிமை எடுத்தவர்கள் எல்லோரும் பிரெஞ்சுக்காரர். அதோடு கணக்கு முடிந்தது.

"உங்கட டூங்கபியில எத்தினை தமிழ் ஆக்கள் எண்டு நீ ஒரு பட்டனை அமத்தினாத் தெரியும். இஞ்ச நாங்கள் கணக்கிலயே இல்லை," என்றாள்.

அப்படித்தான் தொடங்கியது. அவள் வீதி வீதியாக நடந்து எண்ணுவாள். பிரான்சில் மாடிக் கட்டடங்களின் வாசலில் வரிசையாகத் தபால் பெட்டிகள் இருக்கும். ஒவ்வொன்றிலும் வீட்டுக்காரரின் பெயர் ஒட்டியிருக்கும். எங்கள் பெயர்களைத் தூரத்திலேயே கண்டுபிடிக்கலாம், பெட்டிக்குள் அடங்காத நீளம். பெயரைக் குறித்துக்கொண்டு கதவைத் தட்டி, எத்தனை பேர், எந்த ஆண்டு வந்தவர்கள், என்ன வேலை என்று கேட்பாள். கொப்பியின் பக்கங்களைப் படமெடுத்து எனக்கு அனுப்புவாள். நான் இங்கே கம்யூனின் அடிப்படைப் படத்தை எடுத்து, கட்டடம் கட்டடமாக, மாடி மாடியாக நிறம் கொடுப்பேன். நிலத்தையும் சனத்தொகையையும் பற்றிய கட்டுரைகளை இரண்டு பேரும் மாறி மாறி எழுதித் திருத்துவோம். கடைசியில் புத்தகமாக்குவது என்று பேச்சு.

ஞாயிறு மாலை ஆறு மணி என்றால் என் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். கணவர் தேநீரை மேசையில் வைத்துவிட்டுத் தொலைக்காட்சிச் சத்தத்தைக் குறைப்பார். நான் ஒரு கையில் பென்சிலோடு இருப்பேன். அவள் சொல்லுவாள், நான் குறிப்பேன். கால்வாய்க் கரையில் கடைசியாக வந்த குடும்பங்கள், நிலையத்துக்குக் கிட்ட முதலில் வந்த தனி ஆண்கள், பிள்ளைகள் வளர்ந்ததும் வீடு வாங்கி அடுத்த கம்யூனுக்குப் போனவர்கள். வடிகால்களோடு கழித்த என் வாரத்தில் அந்த இரண்டு மணிநேரம்தான் நான் படித்த படிப்புக்கு உரியது.

மூன்றாம் வருடம் கொஞ்சம் சுணங்கியது. முழங்கால் நோகுது என்றாள். வாசல் கதவுகளுக்கு இலக்கப் பூட்டுப் போட்டுவிட்டார்கள், யாராவது திறக்கும்வரை வெளியில் நிற்க வேண்டியிருக்கிறது என்றாள். நான் அனுதாபம் சொன்னேன். சொல்லிவிட்டு, அடுத்த கட்டடம் எப்போது என்று கேட்டேன். சில மாதம் கழித்துப் பட்டியல்கள் மறுபடி வரத் தொடங்கின. முன்னையைவிட வேகமாக, முன்னையைவிட ஒழுங்காக. கொப்பியில் வெட்டும் குத்தும் இல்லை. அவளுக்குக் கை பழகிவிட்டது என்று நினைத்துச் சந்தோஷப்பட்டேன்.

போன வருடம் கடைசிக் கட்டுரையையும் படங்களையும் முடித்து அனுப்பினேன். பிறகு கொஞ்ச நாள் அவளிடமிருந்து பேச்சில்லை. வேலை கூட என்று நினைத்துக்கொண்டேன். ஒருநாள் எடுத்து, தான் சிட்னிக்கு வருவதாகச் சொன்னாள்.

"புத்தகம் வந்திட்டுது. கொண்டு வாறன். உன்ர வீட்டிலதான் நிப்பன்."

முப்பது வருடங்களுக்குப் பிறகு அவளை விமான நிலையத்தில் கண்டேன். கொஞ்சம் நொண்டி நடந்தாள். கட்டிப்பிடித்து இருவரும் அழுதோம். வீட்டுக்கு வந்து, குளித்து, இடியப்பம் சாப்பிட்ட பிறகு பெட்டியைத் திறந்து புத்தகத்தை என் கையில் தந்தாள். கனமான, அழகான அட்டை. அட்டையில் நான் வரைந்த படம். அதன் கீழே ஒரு பெயர்தான் இருந்தது. அவளுடையது.

உள்ளே தேடினேன். முன்னுரையின் கடைசிப் பந்தியில், படங்களை வரைய உதவிய சிட்னித் தோழிக்கு நன்றி என்று ஒரு வரி இருந்தது. நான் எழுதிய மூன்று அத்தியாயங்களும் ஒரு சொல் மாறாமல் இருந்தன.

"என்ர பெயர் எங்க?" என்று கேட்டேன். சிரித்துக்கொண்டு கேட்டதாகத்தான் ஞாபகம்.

பதிப்பாளர்கள் ஒரு பெயர் இருந்தால்தான் நல்லது என்றார்களாம். இரண்டு நாட்டில் இரண்டு ஆசிரியர் என்றால் வாசகருக்குக் குழப்பமாம். அடுத்த பதிப்பில் கட்டாயம் போடுவார்களாம். சொல்லும்போது அவள் இடியப்பத் தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். என் முகத்தைப் பார்க்கவில்லை.

கணவர் அறைக்குள் வந்து, இதைச் சும்மா விடப் போகிறீரா என்று கேட்டார். நான் பேசாமல் இருக்கச் சொன்னேன். அவள் மேசை துடைத்த வருடங்களை நினைத்தேன். ஒரு புத்தகத்தின் மேல் தன் பெயரைத் தனியாகப் பார்க்க ஆசைப்பட்டிருப்பாள், அவ்வளவுதான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆனால் குசினியில் நின்று, கழுவி வைத்த பாத்திரங்களையே மறுபடி எடுத்துக் கழுவினேன்.

அந்த ஞாயிறு டூங்கபியில் ஒரு மண்டபத்தில் வெளியீடு. மண்டபம் பதிவு செய்தது நான்தான். கதிரை அடுக்கியதும் தேநீரோடு கடிக்க ரோல்ஸும் பற்றிஸும் ஓடர் கொடுத்ததும் நான்தான். வரவேற்புரையும் நானே சொல்ல வேண்டும் என்று அவள் கேட்டாள், சொன்னேன். எழுபது எண்பது பேர் வந்திருந்தார்கள். அவள் நன்றாகப் பேசினாள். இலக்கப் பூட்டுகளுக்கு வெளியே மழையில் நின்றதைச் சொன்னாள், தபால் பெட்டிகளைச் சொன்னாள். எண்ணப்படாத சனங்களைத் தான் எண்ணியதாகச் சொன்னாள். கை தட்டினார்கள். எங்களுடைய ஞாயிறு மாலைகளைப் பற்றி ஒரு வார்த்தை வரவில்லை.

தேநீர் நேரத்தில் ஒரு அன்ரி புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு மூலையில் இருந்தார். மகளின் பிள்ளைப்பேறு பார்க்கப் பிரான்சிலிருந்து வந்து நிற்பவர் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். நான் தேநீரோடு கிட்டப் போனதும் படத்தில் விரலை வைத்தார். அது கம்யூனின் வடக்கில், பூங்காவுக்குப் பக்கத்தில், நான் கடும் சிவப்பில் நிறம் கொடுத்த நீளமான கட்டடம். தமிழ்க் குடும்பங்கள் மிக நெருக்கமாக இருந்த இடம் என்று புத்தகம் சொன்னது அதைத்தான்.

"பிள்ளை, இது எங்கட கட்டடமெல்லே? நாங்கள் ஒன்பதாம் மாடி."

எனக்குச் சந்தோஷமாக இருந்தது. நான் நிறம் கொடுத்த ஒரு கட்டத்துக்குள் இருந்த ஒரு ஆளை முதன்முதலாகக் காண்கிறேன்.

"ஆனா இதில எழுதியிருக்கிற வருசத்தில அங்க ஒருத்தரும் இல்லையே," என்றார். "எங்களை எழுப்பிப்போட்டுத்தானே அதை இடிச்சவை. நாங்கள்தான் கடைசியா வெளிக்கிட்டனாங்கள், மார்கழியில, நத்தாருக்கு முன்னம். பிறகு யன்னலுக்கெல்லாம் கல்லு வைச்சுக் கட்டிப்போட்டினம். இவ எண்ணினது பங்குனியாம். பங்குனியில அதுக்குள்ள புறாதான் இருந்தது."

வருடத்தை மாறி நினைக்கிறீர்களா என்று மெதுவாகக் கேட்டேன். இல்லை, அது மூத்த மகளின் கலியாண வருடம், புது வீட்டிலிருந்துதான் பொம்பிளையை வெளிக்கிடுத்தினோம் என்றார். பெயர்ப் பட்டியலில் ஏழாம் மாடியில் போட்டிருந்த ஒரு பெயரைக் காட்டினார். அந்த மனுசன் செத்து அப்போதே மூன்று வருடம் ஆகியிருந்ததாம். அதே கட்டடத்தில் இருந்தவர்தானாம். செத்த வீட்டுக்குத் தானே சமைத்துக் கொடுத்ததாகச் சொன்னார்.

அவர் கோபமாகச் சொல்லவில்லை. புத்தகத்தில் ஒரு எழுத்துப் பிழையைக் காட்டுவதுபோலச் சொன்னார். நான் தேநீர்த் தட்டை வைத்துவிட்டு வெளியே கார்த் தரிப்பிடத்தில் போய் நின்றேன். அந்தக் கட்டடத்துக்கு நான் பயன்படுத்திய அடிப்படைப் படம் பழையது என்று எனக்குத் தெரியும். அவள் உள்ளே போய் எண்ணியிருக்கிறாள், ஆகவே கட்டடம் இருக்கிறது என்று நினைத்திருந்தேன். கவுன்சிலில் ஒரு வடிகாலைக்கூட நேரில் பார்த்தவரின் கையெழுத்து இல்லாமல் படத்தில் ஏற்றுவதில்லை. இவள் விஷயத்தில் எனக்கு ஒரு கையெழுத்தும் தேவைப்படவில்லை.

வீட்டுக்கு வந்ததும் கணினியைத் திறந்து, அந்தக் கட்டடத்துக்கு அவள் அனுப்பிய கொப்பிப் பக்கங்களைத் திரையில் அவளுக்குக் காட்டினேன். ஏழாம் மாடி முதல் பதினோராம் மாடி வரை, ஒரு பெயருக்குக் கீழ் ஒரு பெயராக, நேர்த்தியான எழுத்து. அன்ரி சொன்னதைச் சொன்னேன். அவள் பக்கங்களை ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தாள். மறுக்கவில்லை.

"எத்தினை கட்டடம் நீ எண்ணேல்லை?" என்று கேட்டேன்.

"முதல் ரெண்டு வருசமும் ஒழுங்காச் செய்தனான்."

"பிறகு?"

"பிறகு உனக்குத் தேவைப்பட்டதை அனுப்பினன்."

பெயர்களை எங்கிருந்து எடுத்தாய் என்று கேட்டேன். கலியாண அழைப்புக் காட்டுகளிலிருந்தும், கோயில் உபயகாரர் பட்டியலிலிருந்தும், செத்தவர்களின் நினைவாக அச்சடிக்கும் கல்வெட்டுப் புத்தகங்களிலிருந்தும் எடுத்ததாகச் சொன்னாள். ஒரு வீட்டுக்கு நாலு பேர், ஒரு வீட்டுக்கு ஐந்து பேர் என்று தானே போட்டுக்கொண்டாளாம். அந்தக் கட்டடம் இடிபடுவது அவளுக்குத் தெரிந்திருக்கவில்லை. பூங்காப் பக்கம் போய் அப்போது ஒரு வருடத்துக்கு மேலாகியிருந்தது. சொல்லச் சொல்ல எனக்கு அந்தச் சிவப்பு நிறம் ஞாபகத்துக்கு வந்தது. எந்தச் சிவப்பு என்று தீர்மானிக்க ஒரு முழு மாலை செலவழித்திருந்தேன்.

பெயரை விட்டதைக்கூட மன்னித்திருப்பேன் என்று அவளிடம் சொன்னேன். சொன்ன பிறகுதான் அது உண்மை என்று எனக்கே தெரிந்தது. அந்த ஐந்து வருட ஞாயிறுகளில் அவள் ஒவ்வொரு வாரமும் எனக்குப் பொய் வாசித்திருக்கிறாள். நான் பென்சிலால் குறித்துக்கொண்டு, நல்லாயிருக்கு, நல்லாயிருக்கு என்று சொல்லியிருக்கிறேன். ஏழாம் மாடியில் அவ்வளவு நெருக்கமாக எங்கள் ஆட்கள் இருப்பதற்குக் காரணம் தேடி ஒரு அத்தியாயமே எழுதியிருக்கிறேன்.

அப்போதுதான் அவள் ஒன்று சொன்னாள். மூன்றாம் வருடம் ஒரு கட்டடத்தில் காவலாளி அவளைப் பிடித்து வெளியே தள்ளினானாம். தபால் பெட்டிகளைப் படமெடுத்ததை யாரோ பார்த்து, களவெடுக்க வந்தவள் என்று சொல்லியிருக்கிறார்கள். படியில் விழுந்ததில்தான் முழங்கால் போனது. எங்கள் ஆட்கள் இரண்டு பேர் பார்த்துக்கொண்டு நின்றும் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளவில்லையாம்.

"அண்டைக்கு இரவே உனக்கு எடுத்தனான். விழுந்திட்டன் எண்டு சொன்னனான். நீ என்ன கேட்டனீ எண்டு ஞாபகம் இருக்கோ? அப்ப அந்தக் கட்டடம் முடியேல்லையோ எண்டு கேட்டனீ."

எனக்கு ஞாபகம் இல்லை. ஆனால் நான் கேட்டிருக்கக்கூடியதுதான்.

மெல்பேர்னில், கிளேட்டனில் படிக்கும் தன் தமக்கையின் மகளைப் பார்க்கப் போவதாக அவளுக்கு முதலே திட்டம் இருந்தது. அந்தப் பயணத்தை இரண்டு நாள் முன்னுக்குத் தள்ளினாள். கணவர்தான் விமான நிலையத்துக்குக் கொண்டுபோய் விட்டார். போகும்போது வாசலில் நின்று, "போட்டு வாறன்," என்றாள். நான் தலையாட்டினேன். விற்காத பிரதிகள் இரண்டு பெட்டி என் கராஜில் இருந்தன.

அன்ரி பிரான்சுக்குத் திரும்ப இன்னும் சில வாரம் இருந்தது. நான் அவரின் மகள் வீட்டுக்கு மூன்று வியாழக்கிழமை போனேன். பிள்ளையை மடியில் வைத்து ஆட்டிக்கொண்டே அந்தக் கட்டடத்தை மாடி மாடியாகச் சொன்னார். ஒன்பதாம் மாடியில் ஆறு வாசல், அதில் தமிழ் இரண்டுதான். ஒன்று இவர்கள், மற்றது மட்டக்களப்பு ஆட்கள். நடுவில் ஒரு மாலிக் குடும்பம், பிள்ளைகளுக்குத் தமிழில் எண்ணத் தெரியும். லிப்ட் அடிக்கடி நின்றுவிடும், அதனால் ஐந்தாம் மாடிக்கு மேல் கிழடுகள் இருக்கவில்லை. பதினோராம் மாடியில் எங்கள் ஆட்கள் ஒருவருமே இல்லை. நான் சிவப்பில் நிரப்பிய கட்டடத்தில் மொத்தம் ஒன்பது வீடுகள்தான் தமிழ். வெளியேற்றப்பட்ட பிறகு அந்த ஒன்பதும் எந்தெந்தக் கம்யூனுக்குப் போயின என்பதும் அவருக்குத் தெரிந்திருந்தது. கடைசி வியாழன்தான் புத்தகப் பேச்சை எடுத்தார். "அவ படிச்ச பிள்ளையெல்லே, ஒருக்கா என்னட்டக் கேட்டிருக்கலாம், நான் ரெண்டு வீதி தள்ளித்தானே இருக்கிறன்," என்றார்.

இங்கே ஆட்கள் என்னைக் கோயிலில் கண்டு புத்தகத்தைப் புகழ்ந்தார்கள். படங்கள் நீங்கள்தானாமே என்றார்கள். முதலில் ஓம் என்றேன். பிறகு, அதில் பாதி பிழை என்று சொல்லத் தொடங்கினேன். அவர்களுக்கு அது பொறாமையாகத் தெரிந்தது. பெயர் போடாத கோபம் என்று ஒருவர் இன்னொருவரிடம் சொன்னது என் காதில் விழுந்தது. பாதி உண்மை என்பதால் மறுக்கவும் முடியவில்லை. அதோடு சொல்வதை விட்டுவிட்டேன்.

ஐந்து மாதம் கழித்து அவள் தொலைபேசி எடுத்தாள். மன்னிப்புக் கேட்கத்தான் எடுக்கிறாள் என்று நினைத்தேன். குரல் சாதாரணமாக இருந்தது. கம்யூனின் நகரசபை மண்டபத்தில் ஊரின் குடியேற்றங்கள் பற்றி ஒரு கண்காட்சி வைக்கிறார்களாம். புத்தகத்திலுள்ள பெரிய படத்தைச் சுவரளவுக்கு அச்சடிக்கக் கேட்கிறார்களாம். மூலக் கோப்பு என்னிடம்தானே இருக்கிறது, அனுப்புவாயா என்றாள்.

எது எண்ணியது, எது எண்ணாதது என்று படத்திலேயே குறித்துத்தான் தருவேன் என்றேன்.

"நீ அங்க இருந்து நிறம் குடுத்தனீ," என்றாள். "ஒரு நாள் இஞ்ச வந்து ஒரு கதவைத் தட்டிப் பாத்திருந்தாத் தெரிஞ்சிருக்கும்."

தொலைபேசியை யார் முதலில் வைத்தது என்று நினைவில்லை.

அந்தக் கிழமை முழுவதும் வேலை முடிந்து வந்து படத்தைத் திறந்து வைத்துக்கொண்டு இருந்தேன். முதல் இரண்டு வருடம் அவள் நேரில் போன வீதிகளுக்கு, நிலையத்தைச் சுற்றிய பகுதிக்கும் கால்வாய்க் கரைக்கும், நிறத்தை அப்படியே விட்டேன். மற்ற இடம் எல்லாம் வெள்ளையாக்கினேன். ஊரின் பெரும்பகுதி வெறுமையாகிவிட்டது. வடக்கில் இடிபட்ட கட்டடத்தை மட்டும் கோடுகளால் வரைந்து, அன்ரி சொன்ன ஒன்பது வீடுகளையும் போட்டேன். கீழே மூலையில் எண்ணியவள் பெயர், சொன்னவர் பெயர், வரைந்தவள் பெயர் மூன்றையும் எழுதினேன். அன்ரியிடம் தொலைபேசியில் அனுமதி கேட்டேன். தன் பெயரை எதற்கு என்று வெட்கப்பட்டார், பிறகு எழுத்துக்கூட்டிச் சொன்னார். கடிதம் ஒன்றும் இல்லாமல் அந்தக் கோப்பை அவளுக்கு அனுப்பினேன்.

பதில் வரவில்லை. கண்காட்சி நடந்ததா, நடந்திருந்தால் சுவரில் எந்தப் படத்தைத் தொங்கவிட்டார்கள் என்று எனக்குத் தெரியாது. புத்தகத்திலுள்ள படத்தைப் பெரிதாக்குவது ஒன்றும் கஷ்டமான காரியம் இல்லை. ஒருமுறை நேரில் போய்ப் பார்த்துவிட்டு வந்தால் உமக்கு மனம் ஆறும், விமான ரிக்கற் போடட்டா என்று கணவர் இரண்டு தடவை கேட்டுவிட்டார். இரண்டு தடவையும் வேண்டாம் என்றேன்.